உள்ளங்கையில் ஒரு நோயாளி

வீட்டில் வளர்க்கும் ஹேம்ஸ்டர், கினிப்பன்றி, எலி நோயில் விழுந்தால் என்ன செய்வது?

தோட்டத்தில் எலி என்றாலே எதிரிதான். செம்பனைக் குலையைக் கொறிக்கிறது என்று நிர்வாகம் மருந்துக் கட்டி வைத்தது. எலியைப் பிடிக்கும் கூகைகள் வந்து தங்கட்டும் என்று பெட்டி செய்து கம்பத்தில் ஏற்றியது. லயத்து வீடுகளில் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் பொறி இருந்தது. பிள்ளையார் கோயில் வாசலில் மட்டும் மூஞ்சூறுக்குக் கொஞ்சம் மரியாதை.

அந்த லயங்களில் வளர்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று ராசாவிலும் சிரம்பானைச் சுற்றியுள்ள தாமான்களிலும் ஹேம்ஸ்டர் வளர்க்கிறார்கள். நாய் வளர்க்க இடமில்லை, பூனை என்றால் அம்மாவுக்கு ஒத்துக்கொள்ளாது. ஒரு சின்னக் கூண்டும் ஒரு சக்கரமும் போதும் என்றால் வீட்டில் யாரும் மறுப்பதில்லை. பத்து, இருபது வெள்ளிக்குக் கிடைக்கும் பிராணி. காசு கொடுத்து எலி வாங்குகிறார்களே என்று சிரிக்கும் பாட்டிகூட, ஒரு வாரம் போனால் கூண்டுக்குள் சூரியகாந்தி விதை போட ஆரம்பித்துவிடுகிறார்.

சிக்கல் வருவது அது நோயில் விழும் அன்றுதான். ராசா சாலையிலேயே துவாங்கு ஜாபார் மருத்துவமனை இருக்கிறது. மனிதருக்கு உடம்பு சரியில்லை என்றால் எங்கே போவது என்று யாரும் கேட்கத் தேவையில்லை. நாற்பது கிராம் எடையுள்ள ஓர் உயிரை எங்கே தூக்கிக்கொண்டு ஓடுவது? ஓடத்தான் வேண்டுமா? இருபது வெள்ளிக்கு வாங்கியதற்கு நூறு வெள்ளி செலவழிப்பதா? இந்தக் கேள்விகளை ஒரு பிள்ளை அழுதுகொண்டு நிற்கும்போது யோசிக்க முடியாது. முன்னதாகவே யோசித்து வைப்பது நல்லது.

நோயை மறைக்கும் பிராணி

கொறிக்கும் பிராணிகள் எல்லாமே இன்னொரு விலங்குக்கு இரையாகும் பிறவிகள். சோர்ந்து கிடப்பது தெரிந்தால் பாம்போ பருந்தோ முதலில் அதைத்தான் தூக்கும். அதனால் முடிந்தவரை நோயை வெளிக்காட்டாது. நம் கண்ணுக்கு நோய் தெரியும்போது அது ஏற்கெனவே முற்றியிருக்கும். ‘நேற்று நன்றாகத்தானே இருந்தது’ என்று சொல்வது அதனால்தான்.

ஹேம்ஸ்டர் இரவுப் பிராணி. பகலில் சுருண்டு தூங்குவதை மட்டும் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்யக் கூடாது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஐந்து நிமிடம் கூண்டின் முன் உட்காருங்கள். சக்கரத்தில் ஓடுகிறதா? தீவனத்தைக் கன்னப் பையில் அடைத்துக்கொள்கிறதா? தண்ணீர் குறைந்திருக்கிறதா? முடி சிலிர்த்துக்கொண்டு, முதுகைக் கூனிக்கொண்டு, கண்ணைப் பாதி மூடியபடி ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தால் அது களைப்பு அல்ல, நோய்.

இதைவிட நம்பகமான சோதனை தராசு. மாவு நிறுக்கும் டிஜிட்டல் தராசில் ஒரு சிறு டப்பாவை வைத்து வாரம் ஒரு முறை எடை பார்த்து, சுவர் நாட்காட்டியில் எழுதி வையுங்கள். நாற்பது கிராம் எடையுள்ள குள்ள ஹேம்ஸ்டர் நான்கு கிராம் இளைத்தால் அது பத்து விழுக்காடு. அறுபது கிலோ மனிதர் திடீரென்று ஆறு கிலோ இளைப்பதற்குச் சமம். கண்ணுக்குத் தெரியாத இந்த நான்கு கிராமைத் தராசு காட்டிவிடும்.

வலியையும் முகத்தில் படிக்கலாம். 2010ஆம் ஆண்டில் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சுண்டெலிகளின் முகபாவத்தை வைத்து வலியை அளக்கும் முறையை வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டே எலிகளுக்கும் அப்படி ஓர் அளவுகோல் வந்தது. கண் இடுங்குவது, மூக்கும் கன்னமும் மாறித் தெரிவது, காது பின்னால் சாய்வது, மீசை விறைப்பது ஆகியவை வலியின் அடையாளங்கள். ஆய்வகத்துக்காக வந்த முறைதான் என்றாலும், தினமும் கூண்டைப் பார்க்கும் ஒரு பிள்ளையும் இதைப் பழகிக்கொள்ளலாம்.

சிரியாவிலிருந்து சிரம்பானுக்கு

இப்போது வீடுகளில் வளரும் பொன்னிற ஹேம்ஸ்டர்களின் ஊர் சிரியா. 1930ஆம் ஆண்டில் இஸ்ரேல் அஹரோனி என்ற விலங்கியலாளர் அலெப்போ நகருக்கு அருகே ஒரு கோதுமை வயலைத் தோண்டி, ஆழமான வளையிலிருந்து ஒரு தாயையும் அதன் குட்டிகளையும் எடுத்தார். ஜெருசலேமில் காலா அசார் நோயை ஆராய்ந்துகொண்டிருந்த சவுல் அட்லர் என்ற அறிவியலாளருக்கு ஆய்வுப் பிராணி தேவைப்பட்டது. அந்தக் குட்டிகளில் பிழைத்த சிலவற்றின் வழி வந்தவைதான் உலகெங்கும் வீடுகளில் வளரும் பொன்னிற ஹேம்ஸ்டர்களில் மிகப் பெரும்பாலானவை.

இந்தக் கதை நமக்கு ஏன் என்றால், வெயில் நாட்டிலிருந்து வந்ததாயினும் ஹேம்ஸ்டர் வெயிலில் வாழ்ந்த பிராணி அல்ல. பகலெல்லாம் குளிர்ந்த மண்ணுக்கடியில் இருந்துவிட்டு இருட்டியபின் வெளியே வரும். நம் ஊரில் பிற்பகல் வெப்பம் 32, 33 டிகிரி செல்சியசைத் தொடும். துத்தநாகக் கூரை போட்ட பின்கட்டிலும், சன்னல் வெயில் விழும் மேசையிலும் அதைவிடக் கூடும். அதற்கு ஏற்றது ஏறக்குறைய 18 முதல் 26 டிகிரி வரை. வியர்வை சிந்தாத பிராணி என்பதால், நமக்கு இதமாக இருக்கும் மின்விசிறிக் காற்று அதற்கு அவ்வளவாகப் பயன்படாது.

வெப்பம் தாக்கிய ஹேம்ஸ்டர் துவண்டு நீட்டிப் படுத்துக்கொண்டு வேகமாக மூச்சு வாங்கும். எச்சில் ஒழுகலாம், உடல் நடுங்கலாம். உடனே குளிர்ந்த அறைக்குக் கொண்டுபோய், குளிர்ந்த தரை ஓட்டின் மேல் வைத்து, காதையும் பாதங்களையும் சாதாரணத் தண்ணீரில் நனைத்த துணியால் ஒற்றி எடுங்கள். ஐஸ் தண்ணீரில் முக்கக் கூடாது. அந்த அதிர்ச்சியே கொன்றுவிடும். சற்றுத் தெளிந்தாலும் மருத்துவரிடம் காட்டிவிடுவது பாதுகாப்பு. நோய் வராமல் காக்கச் செலவில்லாத வழி ஒன்று உண்டு: ஒரு சிறு மண்சட்டியைக் கவிழ்த்து, வாசல் விட்டுக் கூண்டுக்குள் வையுங்கள். அதன் வளைக்கு மிக நெருங்கியது அதுதான்.

எந்தப் பிராணிக்கு எந்த ஆபத்து?

பெட் ஷாப்பிலிருந்து வந்த முதல் சில வாரங்களில் குட்டி ஹேம்ஸ்டரின் வால்பகுதி ஈரமாகி நாற்றமடித்தால் அது அவசரம். ‘ஈரவால்’ என்று சொல்லப்படும் இந்தக் குடல்நோய் பொன்னிற ஹேம்ஸ்டர் குட்டிகளைத் தாக்கும் ஒரு நுண்ணுயிரால் வருவது. தாயைப் பிரிந்தது, கடை மாறியது, வீடு மாறியது, எல்லோரும் தூக்கிக் கொஞ்சியது என்று எல்லா அலைச்சலும் சேர்ந்து அதைத் தூண்டிவிடும். இரண்டு மூன்று நாளில் உயிரே போகலாம். ‘நாளைக்குப் பார்க்கலாம்’ என்பதற்கு இதில் இடமில்லை. புதிதாக வாங்கி வந்த குட்டியை முதல் வாரம் தூக்காமல் விடுவதே பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டிய முதல் பாடம்.

வயதான ஹேம்ஸ்டருக்குக் கட்டிகள் வரும். ஆனால் எல்லா வீக்கமும் கட்டி அல்ல. பொன்னிற ஹேம்ஸ்டரின் இரு இடுப்பிலும் கறுப்பாகத் தெரிவது வாசனைச் சுரப்பி. ஆண் ஹேம்ஸ்டரின் பின்பகுதி பருத்திருப்பதும் இயல்பு. இரு பக்கமும் ஒரேபோல் இருந்தால் பெரும்பாலும் பயமில்லை. ஒரு பக்கம் மட்டும் வளர்ந்தால் காட்ட வேண்டும். கன்னம் ஒரே பக்கம் நாள்கணக்கில் உப்பியிருந்தால் கன்னப் பையில் ஏதோ அடைத்திருக்கலாம்.

வளர்ப்பு எலிக்கு நுரையீரல்தான் பலவீனம். மைக்கோபிளாஸ்மா என்ற கிருமி பெரும்பாலான எலிகளிடம் குட்டியிலிருந்தே இருக்கும். கூண்டைச் சுத்தம் செய்யாமல் விட்டால் சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியா நெடி மூச்சுக்குழாயைப் புண்ணாக்கி நோயைக் கிளப்பிவிடும். தும்மல், மூச்சில் கரகரப்பு, பக்கவாட்டில் இழுத்து மூச்சுவிடுதல் ஆகியவை அறிகுறிகள். கண்ணிலும் மூக்கிலும் சிவப்பாக வழிவதைப் பார்த்து ரத்தம் என்று பதறுவார்கள். அது போர்ஃபிரின் என்ற நிறமி கலந்த கண்ணீர். ரத்தம் இல்லை என்றாலும், உடம்புக்கு முடியவில்லை என்று அது சொல்லும் சேதி. பெண் எலிகளுக்கு மார்புக் கட்டி அடிக்கடி வரும். அவற்றில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. சிறிதாக இருக்கும்போதே அறுத்து எடுத்துவிடலாம்.

கினிப்பன்றிக்கு நம்மைப்போலவே ஒரு குறை உண்டு. வைட்டமின் சி-யை அதன் உடல் தானே தயாரித்துக்கொள்ளாது. தினமும் உணவில் கிடைக்காவிட்டால் சில வாரங்களில் மூட்டு வலித்து, நொண்டி, ஈறு வீங்கி, தீவனத்தைத் தொடாமல் உட்கார்ந்துவிடும். பழைய பெல்லட் தீவனத்தில் அந்தச் சத்து குறைந்துபோயிருக்கும். தினம் ஒரு துண்டு குடைமிளகாய் கொடுத்தாலே பெரும்பகுதி கவலை தீரும். கினிப்பன்றியின் குடல் நிற்காமல் ஓட வேண்டிய இயந்திரம். அரை நாள் எதுவும் தின்னாமல், புழுக்கை போடாமல் இருந்தால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

இன்னோர் ஆபத்தை நாமே வீட்டுக்குள் வைத்திருக்கிறோம். சமையலறை மூலையில் வைத்த எலி மருந்து, கூண்டிலிருந்து தப்பிய செல்லப்பிராணிக்கும் மருந்துதான். எலி இனத்தால் வாந்தி எடுக்க முடியாது. தின்றதை வெளியே தள்ள வழியில்லை. வார்ஃபரின் வகை மருந்துகள் ரத்தம் உறைவதைத் தடுத்து, சில நாள் கழித்துத்தான் கொல்லும். ஆகவே நன்றாக இருக்கிறதே என்று காத்திருக்காமல், மருந்துப் பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு உடனே போனால் வைட்டமின் கே1 கொடுத்துக் காப்பாற்ற வாய்ப்பு உண்டு.

மருந்துப் பெட்டியைத் திறக்காதீர்கள்

பதற்றத்தில் முதலில் கை போவது வீட்டு மருந்துப் பெட்டிக்கு. போன மாதம் தம்பிக்குக் கொடுத்து மிச்சமான ஆன்டிபயாட்டிக் மருந்து இருக்கும். துளி கொடுத்துப் பார்ப்போமே என்று தோன்றும். அந்தத் துளியே உயிரை எடுக்கலாம்.

1940ஆம் ஆண்டு மே 25ஆம் தேதி ஆக்ஸ்ஃபோர்டில் ஹோவர்ட் ஃபுளோரியின் குழு எட்டுச் சுண்டெலிகளுக்குக் கொடிய கிருமியை ஏற்றி, நான்குக்கு மட்டும் பெனிசிலின் கொடுத்தது. அந்த நான்கும் பிழைத்தன. மற்ற நான்கும் இறந்தன. மனிதகுலத்துக்குப் பெனிசிலின் கிடைக்க வழிவிட்ட சோதனை அது. மூன்று ஆண்டு கழித்து, அதே பெனிசிலின் கினிப்பன்றிகளைக் கொல்கிறது என்று அமெரிக்க ஆய்வாளர்கள் எழுதினார்கள். அன்று ஆக்ஸ்ஃபோர்டில் சுண்டெலிக்குப் பதில் கினிப்பன்றி இருந்திருந்தால் அந்த மருந்தின் கதையே வேறாகியிருக்கும்.

காரணம் குடலில் இருக்கிறது. கினிப்பன்றி, ஹேம்ஸ்டர் ஆகியவற்றின் செரிமானம் குடலில் வாழும் நல்ல கிருமிகளை நம்பியிருக்கிறது. பெனிசிலின், அமோக்சிசிலின், ஆம்பிசிலின், கிளிண்டாமைசின் போன்றவை அவற்றை அழித்துவிட, நச்சுக் கிருமி பெருகிக் குடலை அழுகச் செய்கிறது. எந்த ஆன்டிபயாட்டிக், எவ்வளவு என்பதை இந்தப் பிராணிகளைப் பார்த்துப் பழகிய மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

பெனடோலும் வேண்டாம். நாற்பது கிராம் பிராணி அறுபது கிலோ மனிதரின் ஆயிரத்து ஐந்நூறில் ஒரு பங்கு. ஒரு மாத்திரையை எந்தக் கத்தியாலும் அப்படிப் பங்குபோட முடியாது. நெஞ்சில் தைலம் தேய்ப்பதும் வேண்டாம். அது நக்கி விழுங்கிவிடும். மூச்சிரைக்கும் பிராணி இருக்கும் அறையில் சாம்பிராணி, ஊதுபத்தி, கற்பூரம், கொசுவர்த்திச் சுருள் எதுவும் ஏற்றாதீர்கள். வெள்ளிக்கிழமை என்றால் கூண்டை வேறு அறைக்கு மாற்றிவிடுங்கள்.

வீட்டிலேயே ஒரு வார்டு

மருத்துவரிடம் போகும்வரையிலும், போய் வந்த பிறகும் வீட்டில் செய்யக்கூடியது நிறைய உண்டு.

முதலில் நோயாளியைத் தனியாக்குங்கள். உயரம் குறைந்த ஒரு பிளாஸ்டிக் டப்பாவில், மூடியில் துளையிட்டு, வெள்ளை டிஷ்யூ விரித்தால் போதும். வெள்ளை என்றால் சிறுநீரும் கழிவும் ரத்தமும் தெரியும். சக்கரம், ஏணி, மாடி எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். தீவனமும் தண்ணீரும் வாய்க்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

வெப்பத்தாக்கம் இல்லை என்றால் நோயுற்ற பிராணிக்குக் கதகதப்பு தேவை, குளிர்சாதன அறையில் இருந்தால் இன்னும் அதிகமாக. வெதுவெதுப்பான தண்ணீர் நிரப்பிய சிறு புட்டியைத் துணியில் சுற்றி டப்பாவின் ஒரு பக்கம் மட்டும் வையுங்கள். சூடு அதிகமானால் அது மறுபக்கம் நகர்ந்துகொள்ளும்.

தானாகத் தின்னாத பிராணிக்கு, பெல்லட் தீவனத்தை வெந்நீரில் ஊறவைத்துக் கூழாக்கி, ஆறிய பின் ஊசியில்லாத 1 மில்லி சிரிஞ்சில் கொடுக்கலாம். உப்பும் வெங்காயமும் பூண்டும் சேராத காய்கறிக் குழந்தையுணவும் உதவும். மல்லாத்திப் பிடித்து வாய்க்குள் பீச்சக் கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும். நான்கு காலில் நிற்கும் நிலையிலேயே, வாயின் ஓரத்தில் ஒரு துளி. அது விழுங்கிய பிறகு அடுத்த துளி. நினைவிழந்து துவண்டு கிடக்கும் பிராணிக்கு வாய்வழி எதுவும் கொடுக்கவே கூடாது.

ஒவ்வொரு முறையும் கொடுத்த அளவு, எடை, கழித்தது ஆகியவற்றை நேரம் போட்டு எழுதி வையுங்கள். மருத்துவமனை வார்டில் தாதி எழுதும் அட்டைதான் இது. பத்து வயதுப் பிள்ளையிடம் இந்த வேலையைக் கொடுக்கலாம். கவலையைத் தாங்கிக்கொள்ள அதற்கும் ஒரு வேலை வேண்டும்.

கூண்டைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவதில் தளர்ச்சி கூடாது. கர்ப்பிணிகள் கூண்டு சுத்தம் செய்யும் வேலையை வேறொருவரிடம் விடுவது நல்லது. வெளி எலிகள் வந்து தீவனத்தில் சிறுநீர் கழிக்காதபடி மூடி வையுங்கள். எலிச்சிறுநீர்க் காய்ச்சல் எவ்வளவு கொடியது என்று நம் நாட்டில் சொல்லத் தேவையில்லை.

யாரிடம் காட்டுவது?

நாய், பூனை பார்க்கும் எல்லா கிளினிக்கிலும் கொறிக்கும் பிராணிகளைப் பார்ப்பதில்லை. ஆகவே பிராணி நலமாக இருக்கும்போதே பக்கத்துக் கிளினிக்குகளுக்குப் போன் செய்து, ஹேம்ஸ்டர் பார்ப்பீர்களா, இரவில் அவசரம் என்றால் யாரை அழைப்பது என்று கேட்டு, எண்ணைக் கூண்டின் மேலேயே ஒட்டி வையுங்கள். நம் வட்டாரத்திலிருந்து நெடுஞ்சாலை வழியே சுமார் ஒரு மணி நேரத்தில் செர்டாங்கில் உள்ள புத்ரா பல்கலைக்கழகத்தின் விலங்கு மருத்துவமனைக்குப் போய்விடலாம். நாய், பூனை அல்லாத செல்லப்பிராணிகளையும் அங்கே பார்க்கிறார்கள். புறப்படும் முன் அழைத்துக் கேட்டுக்கொள்வது நல்லது.

போகும்போது எடை எழுதிய தாளையும் கழிவில் சிறிதையும் எடுத்துப் போங்கள். மூச்சிரைப்பையோ வலிப்பையோ கைப்பேசியில் படமெடுத்து வைத்தால் மருத்துவருக்குப் பாதி வேலை குறையும். வழியில் எங்கே நிறுத்தினாலும் டப்பாவைக் காரில் விட்டு இறங்காதீர்கள்.

செலவுக் கேள்விக்கு வருவோம். 2015ஆம் ஆண்டின் விலங்குகள் நலச் சட்டம் 2017 ஜூலை முதல் தேதி நடைமுறைக்கு வந்தது. விலங்கு வைத்திருப்பவர் அதற்குத் தகுந்த இடமும் உணவும் தந்து, வலியிலிருந்தும் நோயிலிருந்தும் காக்க வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். என்ன விலைக்கு வாங்கினோம் என்று அது கேட்பதில்லை. கொடுமைக்குத் தண்டனை 20,000 முதல் 100,000 வெள்ளி வரை அபராதம், அல்லது மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

இதன் பொருள், கடன் வாங்கியாவது அறுவை சிகிச்சை செய்ய வேண்டும் என்பதல்ல. குணப்படுத்தும் செலவு எல்லாக் குடும்பத்துக்கும் கட்டுப்படியாகாது. ஆனால் ஒரு முறை மருத்துவரிடம் காட்டி வலியைக் குறைப்பது பெரும்பாலான குடும்பங்களால் முடியும். ‘எங்களிடம் இருப்பது இவ்வளவுதான், இதற்குள் என்ன செய்யலாம்?’ என்று நேராகக் கேட்பதில் வெட்கமில்லை. வெட்கப்பட வேண்டியது, தானாகச் சாகட்டும் என்று மூலையில் தள்ளி வைப்பதற்குத்தான்.

விடைகொடுக்கும் நேரம்

குள்ள ஹேம்ஸ்டருக்கு ஆயுள் இரண்டு ஆண்டுக்குள். பொன்னிற ஹேம்ஸ்டருக்கும் எலிக்கும் இரண்டு முதல் மூன்று. கினிப்பன்றி ஐந்து ஆண்டுக்கு மேலும் வாழும். எவ்வளவு நன்றாகக் கவனித்தாலும் இந்தக் கணக்கு மாறாது. வாங்கும் நாளிலேயே பிள்ளையிடம் இதைச் சொல்லிவிட வேண்டும்.

தின்னவில்லை, நகரவில்லை, மருந்துக்கும் வலி அடங்கவில்லை என்றால் மருத்துவரே மயக்கம் கொடுத்து வலியில்லாமல் விடைகொடுக்க முடியும். வீட்டில் எவரும் அதை முயலக் கூடாது. தண்ணீரில் அமிழ்த்துவதும் ஐஸ்பெட்டியில் வைப்பதும் கருணை அல்ல. அவை இன்னும் கொடிய வேதனை.

புதைக்கும் முன் ஒன்றை உறுதி செய்யுங்கள். குளிரில் இருந்த ஹேம்ஸ்டர் சில நேரம் விறைத்து, மூச்சே தெரியாமல் உறக்கநிலைக்குப் போய்விடும். குளிர்சாதனம் விடிய விடிய ஓடிய அறையில் கூண்டு இருந்திருந்தால், அரை மணி நேரம் உள்ளங்கையில் வைத்துச் சூடேற்றிப் பாருங்கள். மீசை துடித்தால் உயிர் இருக்கிறது. இறந்துவிட்டது என்று உறுதியானால் கையுறை போட்டு, துணியிலோ காகிதத்திலோ சுற்றி, தெருநாய் தோண்டாத ஆழத்தில் புதையுங்கள்.

பிள்ளைக்குத் தெரியாமல் அதே நிறத்தில் இன்னொன்றை வாங்கிக் கூண்டில் விடுவது பல வீடுகளில் நடக்கிறது. நல்ல மனத்தோடு செய்வதுதான். ஆனால் தினமும் எடை பார்த்து எழுதிய பிள்ளையை அப்படி ஏமாற்ற முடியாது. ‘தூங்கிவிட்டது’ என்று சொன்னால் அன்றிரவு தூங்கப் போகவே அது பயப்படும். ‘செத்துவிட்டது, நாம் செய்ய முடிந்ததைச் செய்தோம்’ என்று சொல்லி, குழி தோண்டும்போது பக்கத்தில் நிற்கவிடுங்கள். அழுதால் அழட்டும்.

நாளை இதே வீட்டில் பாட்டி படுக்கையில் விழலாம். சிரிஞ்சில் துளித்துளியாகக் கூழ் ஊட்டிப் பழகிய கை, அப்போது கஞ்சிக் கிண்ணத்தை எடுக்கத் தயங்காது.